வாளி வளைவில் கீரா, கிரியா?

எங்கள் தோட்டத்து ஆபீஸில் வேலை செய்யும் இளவட்டங்கள் இந்தப் பொங்கலுக்கு ஆளுக்கொரு ஜப்பான் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். சின்ன மோட்டார். கிளச்சுப் பிடியே கிடையாது. காலால் ஒரு மிதி மிதித்தால் கீர் ஏறுகிறது, இன்னொரு மிதி மிதித்தால் இறங்குகிறது. தையல் மெஷின்கூட இதைவிடக் கஷ்டம். அப்படியும் ஒருத்தர் பாக்கியில்லாமல் வாளி வளைவில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்கள். கட்டுப் போட்ட கையோடு என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஜப்பான் காலத்துல பிரேக்கே இல்லாம அங்க ஓட்டுனீங்களாமே, எப்படிலா?" என்று கேட்டார்கள்.

அடிபட்டவனிடம் அப்போதே பாடம் நடத்தினால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவான். காயம் ஆறட்டும் என்று அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். பதில் என்னவோ ஒரே வரிதான்: வளைவுக்குள் போய்க் கீரைத் தேடாதே, வளைவு வருமுன்னே, வண்டி நேராக ஓடும்போதே இறக்கி முடித்துவிடு. ஆனால் இந்த ஒரு வரி எனக்குச் சும்மா வரவில்லை. ஜப்பான் அதிகாரி ஒருவரை முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு படித்தது. அன்றைக்கு அவர்கள் நம் வண்டியில் உட்கார்ந்தார்கள், இன்றைக்கு நம் பிள்ளைகள் அவர்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலம் யாரை எங்கே உட்கார வைக்கும் என்று யார் கண்டது!

நான் கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தது வெள்ளைக்கார துரை இருந்தபோது. அவருடைய மோட்டார் சைக்கிளைத் துடைப்பதுதான் வேலை. துடைக்கிறவன் ஒரு நாள் ஓட்டிப் பார்க்காமல் இருப்பானா? பட்டறையில் ஆ செங் என்ற சீன ஃபிட்டர் இருந்தார், அவர்தான் பழக்கினார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் கெட்ட வார்த்தை, எனக்குத் தெரிந்த சீனம் 'சோறு தின்றாயா' ஒன்றுதான். அதனால் பாடம் மலாயில் நடந்தது, திட்டு தமிழில் விழுந்தது. எப்படியோ கற்றுக்கொண்டேன்.

அந்த வண்டியில் கீர் காலில் இல்லை. பெட்ரோல் டாங்கியின் வலப்பக்கம் ஒரு கம்பி, அதன் நுனியில் கறுப்புக் குமிழ். மூன்று பள்ளம் வெட்டிய தகட்டில் அது முன்னும் பின்னும் நகரும். சங்கடம் என்னவென்றால், வேகம் கூட்டும் காஸ் பிடியை முறுக்குவதும் வலது கை, கீர் இழுப்பதும் வலது கை. ஒன்றைத் தொட மற்றதை விட வேண்டும். நல்ல வேளையாக, அந்தக் காலத்துக் காஸ் பிடி விட்ட இடத்திலேயே நிற்கும்; இப்போது உள்ளதுபோல் தானாகத் திரும்பி மூடிக்கொள்ளாது. அந்த வண்டியில் இருந்த ஒரே புண்ணியம் அதுதான்.

ஆ செங் சொன்ன முறை இது. வளைவு கண்ணில் பட்டதும் காஸை மூடு, பிரேக்கை மெதுவாகப் பிடித்து வேகத்தை அடக்கு. பிறகு காஸைக் கொஞ்சமாகத் திறந்து அப்படியே விட்டுவிடு. இடது கையால் கிளச்சைப் பிடி. சுமை விட்ட இஞ்சின் 'ஊம்' என்று எழும்பும். அந்த எழும்பலிலேயே கம்பியை ஒரு பள்ளம் பின்னால் இழு, கிளச்சை மெல்ல விடு. இஞ்சின் எழும்பாமல் இழுத்துவிட்டால் பின்சக்கரம் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஈரச் செம்மண்ணில் வண்டி வாலை வீசும். மூன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரேயடியாகத் தாவக் கூடாது, படி இறங்குவதுபோல் ஒவ்வொன்றாக வர வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் உடம்பைச் சாய்க்க வேண்டும்.

கை குழம்பாமல் இருக்க வாயால் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னார். "காஸு, கிளச்சு, கீரு!" கடைசிச் சொல்லில் கை இழுக்க வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கு அது எப்படி ஆகிவிட்டது என்றால், வண்டிமாடு 'ஹை' என்றால்தான் நகரும் பாருங்கள், அதுபோல் என் வலது கை 'கீரு' என்றால்தான் நகரும். வாய் மூடினால் கையும் மூடிக்கொள்ளும். இது பின்னால் பெரிய வம்பில் கொண்டுபோய் விடும் என்று ஆ செங்குக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஜப்பான்காரன் படையோடு வருகிறான் என்றதும் துரை ஒரு காலையில் காரில் ஏறிப் போனார், திரும்பவில்லை. அவருடைய மோட்டார் பங்களாவின் பின்கட்டில் நின்றது. கொஞ்ச நாளில் அந்தப் பங்களாவுக்கு ஜப்பான் அதிகாரி ஒருவர் குடிவந்தார். அவரைத் 'தாய்ச்சோ' என்று கூப்பிட வேண்டும் என்று காலையில் ஆள் எண்ணும் பிரட்டில் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார் ஆபீஸ் கணக்கையெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி. தலைவர் என்று அர்த்தமாம். வரிசையில் என் பக்கத்தில் நின்ற மாரிமுத்து குனிந்தபடியே, "என்னடா, தயிர்ச்சோறா?" என்றான். அவ்வளவுதான், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் முழுக்க அதே பெயர் நிலைத்துவிட்டது. சோற்றை யாரும் கண்ணால் பார்க்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெயரைச் சொல்வதிலேயே பாதிப் பசி ஆறும்.

மாரிமுத்து பக்கத்து வீட்டுக்காரன், ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன். அழவேண்டிய இடத்திலும் சிரிக்கிற ஜாதி. என்னைக் கண்டாலே ஏதாவது ஒன்று சொல்லிச் சீண்டாமல் போகமாட்டான்.

மோட்டார் ஓட்டத் தெரிந்தவன் யார் என்று தாய்ச்சோ கேட்டபோது பெரிய கிராணி என்னை முன்னால் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து நான் அவருடைய ரைடர். வேலை நல்ல வேலைதான், வண்டிதான் பாவப்பட்ட வண்டியாகிவிட்டது. பெட்ரோல் கிடையாது. கித்தா ஷீட்டை, அதாவது ரப்பர் தகட்டை, கொப்பரையில் காய்ச்சி இறக்கிய எண்ணெயைத்தான் ஊற்றினோம். அது நாறிய நாற்றத்துக்கு நாய்கூட எங்கள் பின்னால் ஓடிவராது. காஸைத் திறந்தால் இஞ்சின் முதலில் இருமும், யோசிக்கும், பிறகுதான் எழும்பும். சுற்றிலும் கித்தா மரம், ஆனால் ஒரு டயருக்கு நாயாய் அலைந்தோம். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பில் இரும்பு உரசியது. மாற்றக் கட்டை இல்லை, ஆ செங்கும் ஊரைவிட்டுப் போய்விட்டார். கடைசியில் எனக்கிருந்த பிரேக் கீர் மட்டும்தான். கீரை இறக்கினால் வண்டி அடங்கும், இல்லாவிட்டால் முனியாண்டிதான் துணை.

தாய்ச்சோ பின்சீட்டில் உட்காரும் அழகே தனி. கம்பத்தை நட்டதுபோல் நிமிர்ந்திருப்பார். என்னைப் பிடிக்கமாட்டார், சீட்டையும் பிடிக்கமாட்டார். நீளக் கத்தியை எங்கள் இருவருக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்திக்கொள்வார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அதன் பிடி என் முதுகெலும்பை எண்ணும். நிற்க வேண்டுமானால் அதாலேயே ஒரு குத்து. முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. மலாய் கற்றுக்கொண்டிருந்தார், கிரி என்றால் இடது, கானான் என்றால் வலது, லெக்காஸ் என்றால் சீக்கிரம். கற்ற வார்த்தையை உடனே பயன்படுத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நம் ஆட்கள் யாராவது மலாய்ச் சொல் ஒன்றைச் சொன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் அப்படியே கீழ்ப்படிந்து காட்டுவார்.

வாளி வளைவு எங்கே என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் வரும் மண்பாதை ஒரு மேட்டில் ஏறி, பிறகு செங்குத்தாக இறங்கி, வலதுபக்கம் மடங்கும். இடதுபக்கம் லாலான் புல் மூடிய சரிவு. முன்னொரு காலத்தில் கித்தாப் பால் ஏற்றிய மாட்டுவண்டி அங்கே கவிழ்ந்து வாளிகள் உருண்டு கிடந்ததால் அந்தப் பெயர்.

தாய்ச்சோவை ஏற்றிக்கொண்டு முதல் தடவை அதில் இறங்கினேன். முறை தவறாமல் "காஸு, கிளச்சு, கீரு!" என்று கத்தி இழுத்தேன். கீர் அழகாக விழுந்தது. வலதுபக்கம் சாய்ந்தேன். அதே நேரம் பின்னால் இருந்த கம்பம் இடதுபக்கம் சாய்ந்தது! வண்டி யார் பேச்சைக் கேட்கும்? திரும்ப மறுத்து நேராகப் போய் லாலானுக்குள் புகுந்தது. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, கத்தியை எடுத்துக்கொண்டு, நிதானமாக நடந்து வந்து என் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார். "பாக்கேரோ! கிரி! கிரி!" என்றார். பாக்கேரோ என்றால் முட்டாள். வலது வளைவில் விழுந்தவனிடம் எதற்கு இடது, இடது என்கிறார் என்று எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு லயத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பாக்கியம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். மாரிமுத்து வந்தான். நடந்ததை முழுக்கக் கேட்டான்.

"நீ என்னடா கத்துன? அப்படியே கத்திக் காட்டு."

"காஸு, கிளச்சு, கீரு!"

அவ்வளவுதான், தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். "அட மடப்பயலே! நீ கீருன்ன, தயிர்ச்சோறு கிரின்னு கேட்டுச்சு! இடதுன்னு நீதான்டா ஆர்டர் போட்டிருக்க! அந்தாளு ஒழுங்கா சாஞ்சிருக்கான், அடி வாங்குனது நீ!"

பாக்கியத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கன்னத்தில் ஒத்தடம் இருக்கும்போது சிரிக்கக் கூடாது, நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்து வந்த நாட்களில் இடது வளைவென்றால் எங்களைப்போல் ஜோடி கிடையாது. நான் "கீரு" என்பேன், அவர் இடதுபக்கம் சாய்வார், வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு திரும்பும். வலது வளைவில்தான் தலைவலி. வாயை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். கை குமிழைத் தேடித் தடவியதே தவிர இழுக்கவில்லை. "கீரு, கானான்!" என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், அவர் முதலில் இடதுபக்கம் சாய்ந்து, உடனே வலதுபக்கம் சாய்ந்து, காவடி ஆடிவிட்டார். கத்திப் பிடி என் விலாவில் இறங்கியது. நிலைமையை அவரிடம் எடுத்துச் சொல்லவோ எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கிராணி என்னை ஆபீஸுக்குப் பின்னால் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், பயந்த சுபாவம், நல்லவர்.

"வேலு, இஞ்ச பாரும். தாய்ச்சோ சிரம்பானிலயிருந்து கார் எடுக்கப் போறாராம், டிரைவரோட. உம்மட ஓட்டம் அவருக்குப் பிடிக்கேல்லை. நாளைக்குப் போர்டிக்சன் போய்வாற வழியில பாத்துத்தான் முடிவெடுப்பார். மோட்டார் இல்லையெண்டால் நீர் சும்மா இருக்கிற ஆள். சும்மா இருக்கிற ஆக்களைச் சயாமுக்கு ஏத்தச் சொல்லி ஓடர். லொறி இந்தக் கிழமை வருது. விளங்குதோ?"

விளங்காமலா? சயாம் காட்டில் ரயில் பாதை போட நம் ஆட்களை லாரி லாரியாகப் பிடித்துப்போன நேரம் அது. முன்னால் போனவர்களிடமிருந்து ஒரு சேதி வரவில்லை. மோட்டார் ஓடும்வரை நான் தோட்டத்தில், மோட்டார் விழுந்தால் நான் சயாமில். பாக்கியத்திடம் சொல்லவில்லை. என் முகமே சொல்லியிருக்கும்; அன்று அவள் கிழங்கை என் தட்டில் அதிகமாக வைத்தாள்.

மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். பயம் எல்லை தாண்டினால் தைரியமாகிவிடும்போல. தாய்ச்சோ ஏறுமுன் டாங்கியைத் தட்டி, கறுப்புக் குமிழைத் தொட்டுக் காட்டி, "தாய்ச்சோ, இனி கீரு. கீரு, புக்கான் கிரி" என்றேன். இது கீர், இடது இல்லை என்று அர்த்தம். அவர் குனிந்து கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லாலானில் விழுந்த நாள் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். முகம் மெல்ல மாறியது.

"ஆ... கியா!" என்றார். "கியா, கியா!" ஜப்பான் பாஷையிலும் அதற்கு அதுதான் பெயராம். ஓடிப்போன வெள்ளைக்காரனின் ஒரே வார்த்தையை நான் ஒரு மாதிரி கடித்து வைத்திருந்தேன், அவர் ஒரு மாதிரி கடித்து வைத்திருந்தார். முதல் தடவையாகச் சிரித்தார். தங்கப் பல் ஒன்று இருந்தது அப்போதுதான் தெரிந்தது. நான் அறை வாங்கிய கன்னத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். மன்னிப்பு என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

போர்டிக்சனுக்குப் போகும்போது ஒரே குஷி. வளைவு வந்தால் நான் "கீரு" என்பதற்குள் அவர் "கியா!" என்பார். நான் சாயும் பக்கமே சாய்வார். கடல் தெரிந்ததும் பாட்டுக்கூடப் பாடினார். கார் எங்கே வரப்போகிறது என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது தூறல் பிடித்தது. மேட்டில் ஏறி வாளி வளைவுக்கு இறங்கும்போது மண் சிவந்து குழம்பியிருந்தது, அதன்மேல் கித்தா இலை வேறு அப்பிக் கிடந்தது. டாப் கீரில் இருந்தேன். "காஸு" என்று ஆரம்பித்தேன். கீழே மடக்கிலிருந்து ஒரு லாரியின் மூக்கு வெளியே வந்தது. பாதையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. பின்னால் நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. "கிளச்சு" என்றேனோ இல்லையோ தெரியாது. மூன்றாவது சொல் வரவே இல்லை. சொல் வராததால் கையும் வரவில்லை. காஸ் பிடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"கியா!"

காதுக்குப் பக்கத்தில் அவர் போட்ட சத்தத்தில் என் கை தானாகக் குமிழுக்குப் போனது. ஒரு பள்ளம் இழுத்தேன். இஞ்சின் இருமியது, யோசித்தது, பிடித்துக்கொண்டது. "கியா!" இன்னொரு பள்ளம். வண்டி அலறிக்கொண்டு அடங்கியது. வளைவு இன்னும் எங்களுக்கு முன்னால்தான் இருந்தது. அதுதான் உயிர் பிழைத்த காரணம். இருவரும் ஒன்றாக வலதுபக்கம் சாய்ந்தோம். லாரிச் சக்கரத்துக்கும் லாலானுக்கும் நடுவில் இருந்த ஒற்றையடி அகலத்தில் நுழைந்தோம்.

அப்போது லாரியின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டேய் வேலு! தயிர்ச்சோத்தக் கொட்டிறாதடா!"

லாரி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பினால் மாரிமுத்து. தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டிக்கொண்டு நின்றான். அவனைச் சுற்றி எங்கள் லயத்துப் பையன்கள். வண்டி நேரானபிறகுதான் அது எந்த லாரி என்று எனக்கு உறைத்தது. நாங்கள் போர்டிக்சனில் இருந்த நேரத்தில் வந்து, ஆள் போதாமல் வேலையில் இருந்தவர்களையும் சயாமுக்கு ஏற்றியிருக்கிறார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். முதுகில் கத்திப் பிடி குத்தியது. "ஜாலான்" என்றார் தாய்ச்சோ. போ என்று அர்த்தம். போனேன்.

பங்களா வாசலில் இறங்கியதும் கேட்டார், "டியா காத்தா அப்பா?" அவன் என்ன சொன்னான் என்று.

நான், "டியா காத்தா, ஜாலான் பாய்க்-பாய்க்" என்றேன். பத்திரமாகப் போ என்று சொன்னான்.

"பாகுஸ்", நல்லது என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கார் வேண்டாம் என்று பெரிய கிராணியிடம் அன்றே சொல்லிவிட்டாராம். செய்தி கேட்டுப் பாக்கியம் அழுதாள். எனக்காகவா, பக்கத்து வீட்டுக்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும்தான் இருக்கும். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்தது என்னால் தாங்க முடியவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோரும் கையை விரித்தார்கள். மாரிமுத்து வரவில்லை.

அதன் பிறகு தோட்டத்து லாரி ஓட்டினேன், ஓய்வு பெறும்வரை ஓட்டினேன். வாளி வளைவில் எத்தனை தடவை இறங்கியிருப்பேனோ, ஒரு தடவையும் விழவில்லை. இதைத்தான் பிள்ளைகள் கேட்டார்கள், எப்படி என்று. முறையைச் சொல்லிவிட்டேன்: மேட்டிலேயே வேகத்தை அடக்கு, வண்டி நேராக ஓடும்போதே ஒவ்வொன்றாக இறக்கு, பிறகு சாய். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆ செங் பழக்கிய சொல் அன்றோடு என் வாயைவிட்டுப் போய்விட்டது. காஸு, கிளச்சு என்றுதான் இன்றைக்கும் ஆரம்பிக்கிறேன். மூன்றாவதாக வருவது மட்டும் 'கொட்டிறாதடா' என்றுதான் வருகிறது. கை உடனே நகர்ந்துவிடுகிறது.